எட்டுகிற சுருதி

என் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை. தினமும் எனக்கு எதிரே இருந்து சாப்பிடுகிற என் மனிசனும் இல்லை. கட்டாரில் வேலை செய்கிற எங்கள் மகன் தினேஷ். எங்கள் சபையின் ஞாயிறு ஆராதனையைக் கைபேசியில் நேரடியாகப் போடுவார்கள். அவன் அங்கே அறையில் படுத்தபடி பார்ப்பான். பிரசங்கத்தில் நித்திரை தூங்குவான் என்று எனக்குத் தெரியும், ஆனால் அம்மா பாட்டு நடத்துகிற நேரத்தை விடமாட்டான். அன்று பின்னேரம் அழைத்தான்.

"அம்மா, பாட்டுக்கு நடுவில தண்ணி குடிச்சீங்களெல்லோ. விழுங்கேக்க கழுத்தில என்னவோ ஏறி இறங்குது."

"தண்ணிதானடா ஏறி இறங்குது."

"தண்ணி இறங்கும் அம்மா. ஏறாது."

கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று ஒரு மிடறு தண்ணீர் குடித்துப் பார்த்தேன். ஏறியது, இறங்கியது. நெல்லிக்காய் அளவில் ஒன்று, குரல்வளைக்கு இடது பக்கத்தில். அட கடவுளே, இது எப்போது வந்து குடியேறியது என்று இன்னொரு மிடறும் குடித்துப் பார்த்தேன்.

இதை எழுதச் சொல்லிச் சபைப் பெண்கள் பலர் கேட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் தங்கள் கழுத்தையும் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். குரல் இன்னும் சரியாக வராததால் எழுதுவது எனக்கு இப்போது கதைப்பதை விட லேசு. என்னைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ரூபி வாய் மூடி இருக்கிறாளா என்று கேட்பார்கள். ஓம், இருக்கிறாள்.

நான் பாட்டு நடத்துகிறவள். லிங்கநகரில் எங்கள் வீட்டில் இருந்து சபைக்கு நடந்து போகும்போதே அன்றைய பாட்டுகளை முணுமுணுத்துச் சுருதி பார்த்துக்கொண்டு போவேன். சுருதி தப்பினால் எனக்குப் பொறுக்காது. வயது, தராதரம் பார்க்காமல் திருத்துவேன். அப்படி நான் அதிகமாகத் திருத்திய ஆள் ராணி அக்கா.

ராணி அக்காவைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை அவர்தான் நடத்துகிறார். எங்கள் சபையில் ஆண்டவர் கனவில் காட்டினார், ஜெபத்தில் காட்டினார் என்று சிலர் வந்து சொல்வது வழக்கம். அதைத் தரிசனம் என்போம். ராணி அக்கா சொன்ன சில காரியங்கள் அப்படியே நடந்தும் இருக்கின்றன. அதனால் கலியாணம் பேசுகிறவர்களும், வெளிநாடு போகிறவர்களும் பாஸ்டரிடம் கேட்க முன்னமே அவரிடம் கேட்பார்கள். ஜெபம் அப்படி, பாட்டோ வேறு கதை. பாட்டு எடுத்தாரென்றால் சுருதி கூரைத் தகரத்தில் போய் நிற்கும். பின்னால் ஒருவருக்கும் ஏறேலாது. "அக்கா, மற்றவைக்கு எட்டுற மாதிரி எடுங்கோ" என்று எத்தனையோ ஞாயிறு மைக்கைக் கையில் இருந்து வாங்கியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே தந்துவிடுவார்.

பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் காலையில் போய் நம்பர் எடுத்துக் காத்திருந்தோம். வாசலில் மான் ஒன்று யாரோ எறிந்த வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டு நின்றது. எங்கள் ஊரில் ஆடு மாடு மாதிரி எல்லாத் தெருவிலும் நிற்கிற மான்தான், ஆனால் அன்றைக்கு அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் இங்கே பயத்தில் செத்துக்கொண்டிருக்கிறேன், இது ஆறுதலாகத் தின்கிறதே என்று.

டொக்டர் பின்னால் நின்று இரண்டு கையாலும் கழுத்தைத் தடவி, விழுங்கச் சொன்னார். தைரொயிட் என்கிற சுரப்பி கழுத்தின் முன்பக்கம் இரண்டு இதழாக ஒட்டிக்கொண்டு இருக்குமாம். உடம்பு எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதானாம். அதில் கட்டி வருவது சாதாரணம், அநேகமானவை ஒன்றும் செய்யாது என்றார். ஆனாலும் ஸ்கான் பார்த்து, ஊசி குத்திப் பார்க்க வேண்டும் என்றார். அந்த "ஆனாலும்" வீட்டுக்கு வரும்வரை என் காதுக்குள் இருந்தது.

ஸ்கானை வெளியில் எடுத்தோம். ஆஸ்பத்திரியில் எடுப்பதற்குக் கனநாள் காத்திருக்க வேண்டும், தினேஷ் காத்திருக்க விடவில்லை. ஊசிப் பரிசோதனை என்பது ஆட்கள் சொல்கிற அளவுக்குப் பெரிய நோவு இல்லை. மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டு, அதற்குள் இருக்கிறதில் ஒரு துளியை உறிஞ்சி, கண்ணாடித் தட்டில் பூசி, நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். நுளம்புக் கடியை விடக் கொஞ்சம் கூட. அதன் பிறகு ரிப்போர்ட் வரும்வரை காத்திருப்பதுதான் நோவு. போன் அடித்தால் நெஞ்சு அடைக்கும். அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று அடைக்கும். சோற்றை விழுங்கும்போதெல்லாம் கை தானாகக் கழுத்துக்குப் போகும். என் மனிசன் செல்வம் துறைமுகத்தில் இழுவைப் படகுகளுக்கு எஞ்சின் பார்க்கிறவர். அதிகம் கதைக்கமாட்டார். அந்த நாட்களில் வேலை முடிந்து வந்ததும் கிரீஸ் கையோடு குசினி வாசலில் நின்று என்னைப் பார்ப்பார். "என்ன?" என்பேன். "ஒண்டுமில்லை" என்பார். பிறகு தேத்தண்ணியை அவரே ஊற்றுவார்.

ரிப்போர்ட் சந்தேகத்துக்குரியது என்று வந்தது. புற்றுநோய் என்று எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. சத்திரசிகிச்சை நிபுணர் சிங்கள டொக்டர், ஆனால் மெல்ல மெல்ல நல்ல தமிழில் விளங்கப்படுத்தினார்.

"அம்மா, இத எடுத்துப் பார்த்தாத்தான் சரியாச் சொல்லலாம். எடுக்கிறது நல்லம்."

"நான் பாடுறனான், டொக்டர்."

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சுரப்பிக்குப் பின்னால் குரல் நாணை அசைக்கிற நரம்பு ஓடுகிறதாம், தையல் நூல் அளவு. அதைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். அநேகமாகக் காப்பாற்றிவிடுவார்கள். சிலவேளை கட்டி அதில் ஒட்டியிருந்தால் நரம்பு கன்றிப்போகும், குரல் அடைக்கும், திரும்பி வர மாதங்கள் எடுக்கலாம். "சில பேருக்குப் பழைய மாதிரி வராது அம்மா. பொய் சொல்லேலாது" என்றார். பொய் சொல்லியிருக்கலாமே என்று அப்போது நினைத்தேன்.

உண்மையைச் சொன்னால் புற்றுநோய் என்ற சொல்லை விட இந்தச் சொல்தான் என்னைப் பிடித்து ஆட்டியது. பாட்டு இல்லாத ரூபி யார்? வேறு எதற்கு என்னைச் சபையில் தேடுவார்கள்?

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் என்னை நடுவில் இருத்தி எல்லோரும் கை வைத்து ஜெபித்தார்கள். முடியும்போது ராணி அக்கா கண்ணீரோடு எழும்பினார்.

"ரூபியின்ர கழுத்தில ஒரு வெள்ளைத் துணி கிடக்கிறதை ஆண்டவர் எனக்கு ரெண்டு தரம் காட்டினவர். இந்தப் பிள்ளையில கத்தி படக்கூடாது. ஆண்டவரே சுகமாக்குவார்."

"ஆமென்" என்றார்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு ஓடிவந்து செல்வத்திடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே காலைக் கழுவினார்.

"டொக்டர் எடுக்கச் சொல்லுறார்."

"டொக்டரை விட ஆண்டவர் பெரிசில்லையோ?"

"பெரிசுதான். டொக்டர் ஆண்டவருக்கு எதிராக் கதைச்ச மாதிரி எனக்குத் தெரியேல்லை."

"உங்களுக்கு விசுவாசம் இல்லை!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"இஞ்ச பார் ரூபி. எனக்கு நீ வேணும். பாடினாலும் வேணும், பாடாட்டியும் வேணும். வார்டுக்கு வந்து படு. கையெழுத்து வைக்கிறதும் வைக்காததும் உன்ர விருப்பம். நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வார்டில் போய்ப் படுத்தேன்.

வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவைச் சேர்ந்த நூர் மாமி. பித்தப்பையில் கல். அந்தக் கல்லைப் பற்றி அவர் கதைப்பதைக் கேட்டால் சொந்தமாக வாங்கிப் பூட்டி வைத்த நகை என்று நினைப்பீர்கள். வந்த முதல் நாளே என் வீட்டுக் கதை, சபைக் கதை எல்லாவற்றையும் பிடுங்கி எடுத்துவிட்டார். இரவில் எனக்கு நித்திரை வராது. கடல் சத்தம் ஒரு பக்கம், யாரோ முனகுவது ஒரு பக்கம். ஆண்டவரே, ஞானத்தைத் தாரும், என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்லும் என்று கேட்டுக்கொண்டே கிடப்பேன். ஞானம் கேட்பதும் பதில் கேட்பதும் ஒன்றுதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

ஒபரேசனுக்கு முதல் நாள் காலையில் நர்ஸ் மிஸ் வந்து சம்மதக் கையெழுத்துக் கேட்டார். இன்னும் யோசிக்கிறேன் என்றேன். மிஸ் போய் டொக்டரிடம் சொல்ல, அவரே வந்துவிட்டார். நான் ஏச்சு விழும் என்று கழுத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டேன்.

"அம்மா, நாளைக்கு உங்கட நாள். நீங்க வேணாம் எண்டா அந்த இடத்துக்கு இன்னொரு அம்மா காத்திருக்கிறா. பிறகு உங்களுக்கு எப்ப எண்டு சொல்லேலாது, அதுக்குள்ள இது வளரும். பின்னேரம் நான் வரேக்க சொல்லுங்க."

மத்தியானம் பார்வையாளர் நேரத்துக்கு ராணி அக்கா வந்தார். அவர் கட்டிலில் இருந்து என் கையைப் பிடிக்கவும், எங்கள் சபையின் மனோகர் பிரதர் வாசலில் வரவும் சரியாக இருந்தது. மனோகர் பிரதர் ஆண்கள் ஐக்கியத்தை நடத்துகிறவர். நடந்து வருகிறபோதே பைபிளை நெஞ்சில் அணைத்துக்கொண்டு வந்தார்.

"சிஸ்டர், விடியப்புறம் ஆண்டவர் என்னோட பேசினவர். ஒபரேசனைச் செய்யச் சொல்லுறார். தாமதிச்சால் ஆபத்து."

ராணி அக்கா மெல்லக் கேட்டார், "பிரதர், என்னத்தைக் கண்டனீங்கள்? எனக்கு வேற மாதிரியெல்லோ..."

"உங்களுக்கு வேற மாதிரித்தான் வரும்! பொம்பிளையள் ரெண்டு கனவு கண்டிட்டு சபையை நடத்தப் பாக்கிறியள். எனக்கு வந்தது சத்தமாவே வந்தது. என்னட்டக் கேள்வி கேக்கிறது ஆண்டவரிட்டக் கேள்வி கேக்கிறது மாதிரி!"

வார்டே திரும்பிப் பார்த்தது. சேலைன் போத்தலோடு கழிவறைக்குப் போன ஒரு பிள்ளை பாதி வழியில் நின்றுவிட்டாள். ராணி அக்காவின் முகம் சிவந்தது. ஆனால் அவர் ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை. என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு எழும்பிப் போய்விட்டார். மனோகர் பிரதர் தான் வென்றுவிட்ட மாதிரி நின்று, நீண்ட ஜெபம் செய்து, பெல் அடிக்கிறவரை இருந்தார்.

அவர் போனதும் நூர் மாமி தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் புள்ள, அந்த ரெண்டு பேரும் ஒரே ஆண்டவர்ட்டத்தான் கேட்டாங்களா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான் அழட்டும் என்று விட்டுவிட்டு, மாமி சுவர்ப் பக்கம் திரும்பித் தஸ்பீஹ் மணியை உருட்டினார்.

பின்னேரம்வரை நான் பட்ட பாடு என் சத்துராதிக்கும் வேண்டாம். ஒன்று கத்தி வேண்டாம் என்கிறது, ஒன்று வேண்டும் என்கிறது. எது மேலே இருந்து வந்தது? யோசித்தால், ராணி அக்கா சொன்னதைத்தான் நான் நம்ப விரும்பினேன். ஏன்? ஆண்டவர் சொன்னதனாலா, அல்லது என் குரலைத் தொடவேண்டாம் என்று சொன்னதனாலா? இந்தக் கேள்வி வந்ததும் கட்டிலில் எழும்பி இருந்தேன். விசுவாசம் என்று நான் செல்வத்தின் முகத்துக்கு நேரே கத்தியது என் பயமாக இருந்தால்?

பின்னேரம் பெல் அடித்ததும் முதல் ஆளாக ராணி அக்கா திரும்பி வந்தார். கையில் கஞ்சிப் போத்தல். உடுப்பு மத்தியானத்து உடுப்புத்தான். வீட்டுக்குப் போய்க் கஞ்சி காய்ச்சியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்று தெரிந்தது.

"குடி," என்றார். குடித்தேன். பிறகு சொன்னார்.

"ரூபி, வெள்ளைத் துணியைக் கண்டது உண்மை. அதில மாற்றமில்லை. ஆனா கத்தி படக்கூடாதெண்டு அவர் சொல்லேல்லை. அதை நான்தான் சொன்னனான்."

"என்னக்கா சொல்லுறீங்கள்?"

"என்ர தங்கச்சி ஒபரேசன் தியேட்டருக்குப் போனவள், திரும்பி வரேல்லை. உனக்குத் தெரியும்தானே. வெள்ளைத் துணியைக் கண்டவுடன எனக்கு அவளைப் போர்த்தின துணிதான் ஞாபகம் வந்தது. பயந்துபோனன். அந்தப் பயத்தைத்தான் ஆண்டவர் சொன்னதெண்டு சபையில எழும்பிச் சொல்லிப்போட்டன்."

கஞ்சிப் போத்தலைக் கீழே வைத்தேன். பிறகு அவசரம் அவசரமாகக் கேட்டேன், "அப்ப அந்தத் துணி ஒபரேசனுக்குப் பிறகு போடுற கட்டா இருக்குமோ? அப்ப செய்யச் சொல்லித்தான் காட்டினவரோ?"

அவர் 'ஓம்' என்று சொல்லியிருக்கலாம். நான் அப்படியே பிடித்துக்கொண்டிருப்பேன், அவருடைய பேரும் தப்பியிருக்கும். அவர் என் கன்னத்தைத் தடவினார்.

"எனக்குத் தெரியாது பிள்ளை."

"ஒண்டையாவது சொல்லுங்கோ அக்கா!"

"தெரியாததைத் தெரியுமெண்டு ஒருக்காச் சொன்னது காணும். டொக்டர் படிச்சவர், அவரிட்டக் கேள். செல்வம் உன்னில உயிரா இருக்கிறவர், அவரிட்டக் கேள். நீ எதைச் செய்தாலும் நான் வெளியில வாங்கில இருப்பன்."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையாகவே வந்தது. கூரையில் போய் நிற்கிற மனுசி என்னை இப்படி வெறும் தரையில் விட்டுவிட்டுப் போகிறாவே என்று. அவர் போன பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. மத்தியானம் இருவர் என் கட்டிலருகில் நின்றார்கள். ஒருவர் என்னிடமிருந்து கேள்வியைப் பறித்தார், மற்றவர் எல்லோருக்கும் முன்னால் அவமானப்பட்டு, வீட்டுக்குப் போய் யோசித்து, திரும்பி வந்து தான் சொன்னது பிழை என்றார். ஆண்டவர் தருகிற ஞானம் சமாதானமாக இருக்கும், சாந்தமாக இருக்கும், மற்றவர் சொல்வதைக் கேட்டு இணங்கும் என்று எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன். சொன்னது சரியா பிழையா என்பதை வைத்தே அதை அளந்துகொண்டிருந்தேன். சொன்ன ஆள் எப்படி நின்றார் என்பதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

செல்வம் வேலையில் இருந்து நேரே வந்தார். "இஞ்சாருங்கோ, என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன். நான் அப்படிக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. முழித்தார். பிறகு என் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "எடுப்பம் ரூபி" என்றார். டொக்டர் வந்தபோது கையெழுத்து வைத்தேன். சமாதானம் ஒன்றும் வரவில்லை. என் பெயரே கோணலாக விழுந்தது.

காலையில் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது நூர் மாமி, "அல்லாஹ்ட காவல் புள்ள, போய்ட்டு வா" என்றார். வாசலில் கிடந்த நீள மர வாங்கில் ராணி அக்காவும் செல்வமும் இரண்டு அந்தத்தில் இருந்தார்கள். போகிற வழியில் மெதுவாக ஒரு பாட்டின் முதல் அடியைப் பாடிப் பார்த்தேன். கடைசி முறையோ என்று நினைத்துப் பாடினேன். தள்ளிக்கொண்டு போன ஐயா கதவடியில் கொஞ்சம் நின்று, நான் முடிக்கிறவரை பொறுத்தார்.

கண் விழித்தபோது தொண்டையில் மணல் கொட்டினது போல் இருந்தது. கழுத்தில் வெள்ளைக் கட்டு, அதில் இருந்து ஒரு சின்னக் குழாய், அதன் முனையில் இரத்த நீர் வடிகிற போத்தல். டொக்டர் குனிந்து, "அம்மா, 'ஈ' சொல்லுங்க" என்றார். சொன்னேன். காற்றுத்தான் வந்தது. இன்னொருமுறை சொல்லச் சொன்னார். இன்னொருமுறையும் காற்றுத்தான். அவர் முகத்தை மாற்றாமல் இருக்கப் பார்த்தார், ஆனால் நான் ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பாட்டு நடத்திப் பழகினவள். எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டி நரம்பில் ஒட்டி இருந்ததாம். நரம்பை அறுக்கவில்லை, ஆனால் கன்றிவிட்டது. பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

அடுத்த நாள் விரல் நுனியும் உதடும் விறுவிறுத்தன. பக்கவாதம் என்று நினைத்து நான் அழ, மிஸ் சிரித்துக்கொண்டே வந்து கல்சியம் குறைந்தால் அப்படித்தான் என்று ஊசி போட்டார். தைரொயிட்டுக்குப் பின்னால் கல்சியத்தைக் கவனிக்கிற சின்னச் சுரப்பிகளும் இருக்கின்றனவாம், அவையும் அதிர்ச்சியில் சில நாள் வேலை செய்யாதாம். இப்படி ஒன்று போனால் ஒன்று. செல்வம் தினமும் வந்து, நான் கதைக்க ஏலாததால் தானே துறைமுகக் கதைகளைச் சொன்னார். அந்த மனுசனிடம் அவ்வளவு கதை இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. தினேஷ் போனில் அழைத்தால் நான் விரலால் தட்டுவேன். ஒரு தட்டு ஓம், இரண்டு தட்டு இல்லை. "அம்மா சாப்பிட்டீங்களோ?" தட்டு. "அழுதனீங்களோ?" கொஞ்சம் பொறுத்து இரண்டு தட்டு. அவன் நம்பவில்லை.

வெட்டி எடுத்ததன் ரிப்போர்ட் வர மறுபடியும் காத்திருந்தோம். புற்றுநோய்தான். ஆனால் சுரப்பியை விட்டு வெளியே போகவில்லை, முழுவதையும் எடுத்தாயிற்று என்றார் டொக்டர். வாழ்நாள் முழுக்கக் காலையில் ஒரு குளிசை. "நல்ல நேரம் வந்தீங்க அம்மா" என்றார். வெளியே வந்ததும் நானும் செல்வமும் வாங்கில் இருந்து அழுதோம்.

ஆக, மனோகர் பிரதர் சொன்னதுதான் நடந்தது. அவரும் அதைக் காண்கிற ஆட்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டுதான் திரிந்தார். இருக்கட்டும். சரியாகச் சொன்னார், மறுக்கவில்லை. ஆனாலும் இனி எனக்கு ஒரு ஆபத்து வந்தால் நான் யாரைத் தேடிப் போவேன் என்று எனக்குத் தெரியும்.

கட்டு அவிழ்த்த பிறகு வந்த முதல் ஞாயிறு சபைக்குப் போனேன். பின்வரிசையில் இருந்தேன். சாட்சி சொல்லும் நேரத்தில் ராணி அக்கா முன்னால் போய் மைக்கை எடுத்தார்.

"ரூபியில கத்தி படக்கூடாதெண்டு ஆண்டவர் சொன்னதா இதே இடத்தில நான் சொன்னனான். அவர் சொல்லேல்லை. அது என்ர பயம். அவள் அதைக் கேட்டிருந்தால் இண்டைக்கு எங்களோட இருந்திருப்பாளோ தெரியாது. உங்கள் எல்லாரிட்டயும் மன்னிப்புக் கேக்கிறன். இனி நான் ஏதும் கண்டதெண்டு சொன்னால், நல்லாக் கேள்வி கேளுங்கோ."

மனோகர் பிரதர் மட்டும் பலத்த குரலில் "ஆமென்" என்றார். எனக்கு எழும்பிப் போய் அவருக்கு நல்லது நாலு சொல்ல வேண்டும் போல் இருந்தது. குரல் இல்லாததால் ஆண்டவர் அவரைக் காப்பாற்றினார்.

அடுத்தது பாட்டு. பழக்க தோசத்தில் பாஸ்டர் என்னைப் பார்த்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஏலாது என்று தலையை ஆட்டினேன். எழும்பி வெளியே போய்விடுவோமா என்று செருப்பைக் காலால் துழாவினேன்.

அப்போது ராணி அக்கா பாட்டை எடுத்தார். கூரைக்குப் போகவில்லை. கீழே, நன்றாகக் கீழே, ஆண்களே சிரமப்படுகிற அளவுக்குக் கீழே எடுத்தார். சனம் தடுமாறியது. சுருதி அங்கும் இங்கும் போய், பிறகு ஒவ்வொருவராக அவருக்காக இறங்கி வந்தார்கள். மற்ற நாளென்றால் எழும்பிப் போய் மைக்கை வாங்கியிருப்பேன். வாயைத் திறந்தேன். காற்று வந்தது. அடுத்த அடியில் காற்றோடு ஏதோ ஒன்று சேர்ந்து வந்தது. கறள் பிடித்த கதவுச் சத்தம்தான், ஆனால் சத்தம். என் சத்தம். ஆண்கள் பக்கத்தில் இருந்து செல்வம் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

ஆராதனை முடிந்ததும் ராணி அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். காதுக்குள் கேட்டேன்.

"ஏனக்கா அவ்வளவு கீழ எடுத்தனீங்கள்?"

"நீதானே எந்த நாளும் சொல்லுறனி, மற்றவைக்கு எட்டுற மாதிரி எடுங்கோ எண்டு," என்றார். "இண்டைக்கு உனக்கு எட்டட்டும் எண்டு எடுத்தனான்."